கன்னையாவின் இடது கை

"ஆஆஆ...!"

கிள்ளான் ரயிலின் மூன்றாம் வகுப்பில் கிளம்பிய அலறல், ரயில் கோலாலம்பூர் வந்து நின்ற பிறகும் நிற்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் போலீஸ் ஸ்டேஷனில் டெலிபோன் அடித்தது. 1931-ல் அந்த டெலிபோன் அடிப்பதே ஒரு விசேஷம்! இன்ஸ்பெக்டர் ஜெயராஜ் மீசையைச் சரிசெய்துகொண்டு எடுத்தார்.

"யார் அது?"

"ஸ்டேஷன் மாஸ்டர் சார்! உடனே வாங்க! ஒரு பொம்பளை கூடையில... கண்ணாடி ஜாடியில... கை சார்! மனுஷன் கை!"

"எப்படித் தெரிஞ்சுது?"

"பக்கத்துல இருந்தவன் ஊறுகாய்னு நெனச்சுத் திறந்துட்டான் சார்! இன்னும் கத்திக்கிட்டிருக்கான்... தோசையை மட்டும் கீழே வைக்க மாட்டேங்கிறான்!"

கொலை!

ஜெயராஜின் நெஞ்சு விம்மியது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கோழித் திருடர்களையே பிடித்து அலுத்தவர். துண்டு துண்டாக ஒரு கொலை... பத்திரிகையில் போட்டோ...

மீசைக்கு மெழுகு தடவிக்கொண்டு புறப்பட்டார்.

பிளாட்பாரத்துப் பெஞ்சில் அந்தப் பெண் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் கூடை. கூடைக்குள் ஜாடி. ஜாடிக்குள் ஸ்பிரிட்டில் மிதந்தபடி, முழங்கை மடங்கிய ஒரு முழுக் கை!

"உன் பேரு?"

"நல்லம்மாளுங்க."

"இது யார் கை?"

"எங்க வீட்டுக்காரரு கை."

ஜெயராஜ் கான்ஸ்டபிள் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். "பார்த்தியா? ஒரே கேள்வி! ஒத்துக்கிட்டா!"

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மீதி உடம்பு எங்கே?"

"கோர்ட்டுல நிக்குதுங்க."

"நி... நிக்குதா?"

"கேஸு போட்டிருக்காரு. இந்நேரம் கூப்பிட்டிருப்பாங்க. என்னைக் கொஞ்சம் விட்டீங்கன்னா..."

பத்திரிகைப் போட்டோ ஜெயராஜின் கண்ணெதிரே மங்கியது.

"என்னடி கேஸு?"

"அம்மை குத்துற கேஸுங்க. கம்பெனியில புதுசா ரூல் போட்டாங்க. இடது கையில அம்மை குத்தின தழும்பு இருந்தாத்தான் வேலையாம். எங்க வீட்டுக்காரருக்கு இடது கையே இல்லீங்களே! கம்பெனி ரப்பர் மெஷின்தான் தோளோட இழுத்துட்டுப் போச்சு. அதுக்கப்புறம் கேட்டுல காவலுக்கு நிக்கிற ஜாகா வேலை பார்க்கிறாரு."

"வலது கையில குத்திக்கிட்டா என்ன?"

"குத்துங்கன்னு நீட்டினாருங்க! ஊசி போடுற ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஐயா மாட்டேன்னுட்டாரு. ரூல்ல இடது கைன்னு இருக்காம்."

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்வது போல் நடித்தார்.

"இந்தக் கை உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

"டிரஸ்ஸர் ஐயா ஆஸ்பத்திரி அலமாரியில அலங்காரமா வெச்சிருந்தாரு. வர்ற துரைமாருக்கெல்லாம் காட்டுவாரு. அங்க கூட்டுறது நான்தான். குப்பையோட சேர்த்து எடுத்தாந்துட்டேன்."

"திருட்டு!"

"யாரு கையைங்க யாரு திருடுறது?"

ஜெயராஜ் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய 'திருட்டு' என்ற வார்த்தையை அடித்தார்.

நல்லம்மாளின் கண் கலங்கியது. "வேலை போனா கம்பெனி குடுத்த லயத்து ரூமும் போயிடும் ஐயா. ஒத்தைக் கையனுக்கு வேற யாரு வேலை தருவா? ஊருக்குக் கப்பல் ஏத்திடுவாங்க. கப்பல்ல வந்து எறங்குனப்பவே இந்தக் கையில அம்மை குத்தியாச்சு. தழும்பு இருக்கு, பாருங்க!"

இருந்தது. தோளுக்குக் கீழே, வட்டமாக!

கோர்ட்டில் வியர்வையும் ஆங்கிலமும் ஆறாக ஓடின. கம்பெனி வக்கீல் இராமலிங்கம் கறுப்புக் கோட்டுக்குள் வெந்துகொண்டே வாதாடினார். கூண்டில் நல்லம்மாளின் புருஷன் கன்னையா, வெற்றுச் சட்டைக்கை ஆட நின்றான்.

வெள்ளைக்கார நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, நாகரிகம், சுகாதாரம், சாம்ராஜ்யம் என்று நெடுநேரம் பேசினார்.

துபாஷி தம்புசாமி தமிழில் சொன்னார்: "கை எங்கேன்னு கேக்கிறாரு."

கதவு படாரென்று திறந்தது!

"இதோ!" ஜெயராஜ் ஜாடியைத் தூக்கிப் பிடித்தார். "நான் தேடின மீதி உடம்பு எங்கே?"

"இங்கதான் ஐயா!" என்றான் கன்னையா.

வக்கீல் துள்ளி எழுந்தார். "யுவர் ஆனர்! அது இவன் கைதான்னு என்ன நிச்சயம்?"

"நான் சொல்றேங்க!" நல்லம்மாள் முன்னே வந்தாள். "உள்பக்கம் பச்சை குத்தியிருக்கு. என் பேருங்க! எனக்குப் படிக்கத் தெரியாது... அவருதான் ஆசையாப் படிச்சுக் காட்டுவாரு."

கன்னையாவின் முகம் சுண்ணாம்பானது.

"நல்லம்மா... அது எதுக்கு இப்ப? தழும்பு மட்டும் போதும்லா..."

துபாஷி ஜாடியைத் திருப்பினார். குனிந்தார். எழுத்துக் கூட்டினார்.

"சந்... திர... கலா!"



தலைக்கு மேல் பங்கா மட்டும் கிறீச்சிட்டது.

"பார்த்தீர்களா!" வக்கீல் கூத்தாடினார். "மனைவி நல்லம்மாள்! கையிலே சந்திரகலா! இது வேறு எவனுடைய கையோ! கேஸைத் தள்ள வேண்டும்!"

"ஆமாங்க!" கன்னையா அலறினான். "வக்கீல் ஐயா சொல்றதுதான் நெசம்! அது என் கையே இல்லை! இந்தக் கையை நான் பார்த்ததே இல்லை!"

துபாஷிக்கே மனம் கேட்கவில்லை. "டேய், வேலை போயிடும்டா!"

"போகட்டும்! கப்பல் ஏத்திடுங்க! இன்னிக்கே கப்பல் இருக்கா?"

எல்லோரும் நல்லம்மாளைப் பார்த்தார்கள். அவள் ஜாடியைப் பார்த்தாள். கன்னையாவைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் லயத்து ரூம் தங்கும். சொல்லாவிட்டால்...

"துரை! இந்தக் கை இவனோடதுதான்."

இத்தனை நேரம் 'அவரு'வாக இருந்தவன் 'இவன்' ஆகிவிட்டான். அதற்கு இங்கிலீஷ் கிடைக்காமல் துபாஷி திணறினார்.

"சுண்டுவிரலு கோணலா இருக்கு பாருங்க. கள்ளுக் குடிச்சுட்டு வந்தப்ப நான்தான் உலக்கையால போட்டேன். நம்பலைன்னா வலது கையையும் நீட்டச் சொல்லுங்க. அது தீபாவளிக்குப் போட்டது!"

கன்னையா நீட்டினான்.

அதே விரல்! அதே கோணல்!

நீதிபதி தீர்ப்புச் சொன்னார். கை கன்னையாவுடையது. கையில் தழும்பு உண்டு. கை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும் என்று ரூலில் எங்கும் இல்லை. ஆகவே வேலை உண்டு! தினமும் காலையில் கையைக் கேட்டில் காட்டிவிட்டு உள்ளே போகலாம்.

வக்கீல் நாற்காலியில் சரிந்தார்.

நல்லம்மாள் ஜாடியைக் கூடையில் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சாந்தமாகச் சிரித்தாள்.

"வாங்க... வீட்டுக்குப் போலாம்."

மறுபடியும் மரியாதை! கன்னையா இரண்டடி தள்ளியே நடந்தான்.

வாசலில், கொலைக் கேஸ் கைநழுவிய சோகத்தில் மீசை தொங்க நின்றிருந்தார் ஜெயராஜ். கன்னையா அவர் காதருகே குனிந்தான்.

"கவலைப்படாதீங்க ஐயா... சாயங்காலம் எங்க லயத்துப் பக்கம் வந்து பாருங்க. நீங்க தேடின மீதி உடம்பு அங்க கிடைக்கும்!"