நூற்றுப் பதினான்காம் இலக்கம்

அட்டையை மேசையில் வைத்த பெண் உட்கார மறுத்துவிட்டாள். சித்தாண்டியிலிருந்து இரண்டு சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி வந்தவள். றஸீனா கதிரையைக் காட்டினாள், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

"இது எப்ப எடுத்த இரத்தம், பிள்ள?"

றஸீனா அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். தன் கையால் முத்திரை ஒட்டி அனுப்பிய அட்டைதான். இலக்கம் 114, கிருபராசா, வயது பதினாறு, தாய் புஸ்பம். இரண்டாம் இரத்தப் பரிசோதனை முடிவு.

"ஆகஸ்ட் இருபத்தாறு."

"அவன ஜூன் மாசம் புடிச்சிட்டுப் போயிட்டாங்க," என்றாள் புஸ்பம். "வட்டைக்குத் தண்ணி கட்டப் போன புள்ள. சைக்கிள் மட்டும் வரம்பில கிடந்திச்சி. ஆகஸ்டில அவன்ட இரத்தம் எப்பிடி இஞ்ச வந்த?"

2006ஆம் ஆண்டு அது. சண்டைக்கென்று பிடிபட்டுப் பிள்ளைகள் காணாமல் போவது வாவிக்கரை ஊர்களில் புதினமில்லை. காணாமல் போன பிள்ளையின் இரத்தம் மட்டும் தனியே திரும்பி வந்ததை றஸீனா கேள்விப்பட்டதே இல்லை.

"செத்திட்டான், அந்தியேட்டிய செய் எண்டு என்ட அண்ணன் நிக்கிறான். உசிரோட இருக்கிற புள்ளைக்கு அந்தியேட்டி செய்யலாமா? செய்யிறதா, விடுறதா? அத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்டும் வேணாம்."

உள்ளறைக் கதவு திறந்தது. நல்லரத்தினம் வந்து அட்டையைக் கையில் எடுத்தார். கத்திப் பேசத் தெரியாத மனிதர். பால் விடாத பிளேன்ரீயை ஆறவிட்டுக் குடிப்பவர். "மூண்டு நாள் தாங்க, அம்மா," என்றார். "வியாழக்கிழமை வாங்க. அதுவரைக்கும் அண்ணனப் பொறுக்கச் சொல்லுங்க."

மருத்துவ பீடத்தின் ஆராய்ச்சிப் பிரிவு என்றால் பெரிதாக எதையாவது கற்பனை பண்ணிக்கொள்ளக் கூடாது. இரண்டு அறை, ஒரு மின்விசிறி. வாவிக்கரைப் பிள்ளைகளின் இரத்தத்தை ஆராய வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இந்தப் பீடத்தோடு ஒப்பந்தம் செய்திருந்தது. ஊர் ஊராகப் போக பீடத்திடம் ஆட்கள் இல்லை. ஆகவே நான்கு கிராமியச் சுகாதாரச் சங்கங்களோடு உப ஒப்பந்தம் எழுதி, வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தது. அந்த உப ஒப்பந்தங்களைக் கட்டி மேய்ப்பவர் நல்லரத்தினம். முப்பத்திரண்டு பக்கத்தையும் மனப்பாடமாக ஒப்பிப்பவள், அவருடைய எழுதுவினைஞர், ஏறாவூர் றஸீனா.

அதிலும் பதினேழாம் பிரிவு அவளுக்கு உயிர். இலக்கம் இல்லாத படிவமும் இரத்தக் குழாயும் ஏற்கப்படமாட்டா. வெள்ளிக்கிழமை ஆய்வுகூடத்துக்குப் பின்னால் பீப்பாயில் போட்டு எரிக்க வேண்டும். ஒரு வெள்ளியையும் அவள் தவறவிட்டதில்லை. யாராவது கேட்டால் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லுவாள்.

புஸ்பம் படியிறங்கியதும் றஸீனா கோப்பை இழுத்துப் போட்டாள். அரை மணித்தியாலத்தில் குற்றவாளியையே பிடித்துவிட்டாள்.

"சேர், இது அன்னப்பூரணி மிஸிட வேல. சித்தாண்டிச் சங்கத்துக்கு அவதானே இரத்தம் எடுக்கிறவ. நூறு புள்ளையில தொண்ணூறு பேராவது ரெண்டாந்தரம் வரவேணும், இல்லாட்டி உப ஒப்பந்தம் முடிஞ்சிரும். எண்ணிப் பாத்தன். இவன விட்டா எண்பத்தொன்பது. இவனோட சேத்துத்தான் தொண்ணூறு. ஒருத்தர் குறையிதெண்டு வேற ஆர்ரயோ கையில குத்தி இவன்ட பேரப் போட்டிருக்கா."

"நல்லாத்தான் இருக்கு," என்றார் நல்லரத்தினம். "ஆய்வுகூடத்தில ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

றஸீனா துள்ளிக்கொண்டு போனாள்; திரும்பி வந்தபோது நடை தளர்ந்திருந்தது. கிருபராசாவின் இரத்தத்தில் பரம்பரையாக வரும் ஓர் அரிய குறை இருந்தது. நானூறு பிள்ளைகளில் அது இரண்டே பேருக்கு. மற்றது தேற்றாத்தீவில் ஆறு வயதுப் பெண் குழந்தை. மார்ச்சில் எடுத்த இரத்தத்திலும் ஆகஸ்டில் எடுத்ததிலும் அதே குறை, அதே இரத்த வகை.

"அப்ப மார்ச்சில எடுத்தத மிச்சம் புடிச்சி வச்சிருப்பா," என்றாள், அவ்வளவு நம்பிக்கை இல்லாமல்.

"அஞ்சு மாசமா? என்ன சொன்னாங்க?"

"ரெண்டாவது புது இரத்தமாம், சேர். கொஞ்சம் சூடேறி வந்திருக்காம். ஆனா புதுசுதானாம்."

அதைச் சொல்லி முடித்தபோதுதான் சொன்னதன் பொருள் அவளுக்கே உறைத்தது. அந்தப் பையனின் கையில் யாரோ ஊசி குத்தியிருக்கிறார்கள், அவன் தொலைந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு.

நல்லரத்தினம் மறுநாள் முழுக்க ஒன்றுமே செய்யவில்லை என்றுதான் பார்த்தவர்கள் சொல்லுவார்கள். சித்தாண்டியின் தொண்ணூறு படிவங்களையும் அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கேள்வியின் விடையை மட்டும் வாசித்தார். 'நேற்று என்ன சாப்பிட்டாய்?' இரத்தச்சோகை ஆராய்ச்சியில் அதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

"வாசிச்சுப் பாருங்க," என்று பின்னேரம் படிவக் கட்டை அவளிடம் தள்ளினார்.

சோறு, பருப்பு, கத்தரிக்காய். சோறு, கீரை, தயிர். பிட்டு, வாழைப்பழம். றஸீனா எண்பத்தொன்பதையும் புரட்டினாள். வாவிக்கு அருகில் இருக்கும் ஊரில் ஒரு பிள்ளைகூட மீன் தின்னவில்லை.

"எல்லாம் ஆகஸ்ட் இருபத்துநாலு, இருபத்தஞ்சு. முருகன் கோயில் கொடியேறியிருந்த நாள்கள்," என்றார் அவர். "கொடி இறங்குமட்டும் அந்த ஊரில ஒரு வீட்டிலயும் மீன், இறைச்சி எண்டு மச்சம் சமைக்கமாட்டாங்க. இனி இவன்டயப் பாருங்க."

நூற்றுப் பதினான்காம் படிவத்தில், சோறு, பருப்பு, மரை வத்தல் என்று எழுதியிருந்தது. காட்டு மரையின் உலர்த்திய இறைச்சி.

"அன்னப்பூரணி மிஸி எந்த ஊர்?"

"சித்தாண்டிதான், சேர். நான் ஆசையாக் குடுத்த மீன் கட்லட்டக் கூட அண்டைக்குத் தொடல்ல. விரதமாம்." அவளுக்கு அப்போது அது கொஞ்சம் மனத்தாங்கலாகவும் இருந்தது.

"எண்டைக்கு?"

பதிவேட்டைப் புரட்டினாள். சித்தாண்டிப் பெட்டிகள் இருபத்தாறாம் திகதி காலையிலேயே வந்துவிட்டன. அன்னப்பூரணி இருபத்தெட்டாம் திகதி இன்னொரு ஐஸ் பெட்டியோடு வந்திருந்தாள். ஒரு பெட்டி, பதினொரு குழாய்.

"பதினொண்டு," என்றார் நல்லரத்தினம்.

"ஒண்டுதான் எடுத்த, சேர். மற்றப் பத்தும் இலக்கம் இல்லாதது. பதினேழாம் பிரிவு."

நல்லரத்தினம் அந்த வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிளேன்ரீ ஆறியதையும் தாண்டி ஈ மொய்க்கத் தொடங்கியது. ஏன் இப்படி இருக்கிறார் என்று றஸீனாவுக்குப் பிடிபடவில்லை. "அன்னப்பூரணி மிஸியையும் வியாழக்கிழமை வரச் சொல்லுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வியாழக்கிழமை உள்ளறையில் நான்கு பேர். நல்லரத்தினம் கதவைச் சாத்தினார். அன்னப்பூரணி ஐஸ் பெட்டியை மடியில் வைத்தபடி நுனிக் கதிரையில் இருந்தாள். அந்த நெட்டை உடம்பு அன்று பாதியாகச் சுருங்கியிருந்தது. புஸ்பம் அவளையே விழுங்குவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸி, நீங்க கள்ளப் படிவம் எழுதினீங்க எண்டு நான் நினைக்கல்ல," என்று நல்லரத்தினம் தொடங்கினார். "இரத்தம் அவன்டதான். படிவம் பொய்யெண்டா அத நீங்க மேசையில இருந்து நிரப்பியிருக்கவேணும். சித்தாண்டியில பிறந்து, நீங்களே விரதம் கிடந்த நாளில, ஒரு சித்தாண்டிப் பொடியன் மரை வத்தல் திண்டானெண்டு உங்கட கை எழுதாது. பொய் எழுதிறதெண்டா கத்தரிக்காய் எண்டுதான் எழுதியிருப்பீங்க. அவன் சொன்னத அப்பிடியே எழுதியிருக்கிறீங்க. மரை வத்தல் தின்னக் கிடைக்கிறது காட்டில. ஊர் வேலைய முடிச்சி, இருபத்தாறாந் திகதி நீங்க ஆத்துக்கு அங்கால போயிருக்கிறீங்க. அவன அங்க கண்டிருக்கிறீங்க."

அன்னப்பூரணி ஐஸ் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"இந்த அறையில சொல்றது கோப்புக்குப் போகாது," என்றார் அவர்.

அவள் முதலில் கதவைப் பார்த்தாள், பிறகு புஸ்பத்தைப் பார்த்தாள். "மாசத்தில ஒருக்கா ஆத்துக்கு அங்கால, படுவான்கரைக்கு மருந்து கொண்டு போறன். அண்டைக்குத் துறையடியில மறிச்சி, காய்ச்சல்காரர் இருக்காங்க, வாங்க எண்டு கூட்டிட்டுப் போனாங்க. பதினொரு பொடியன்மார். பேர், ஊர் கேக்கப்படா எண்டு காவலுக்கு நிண்டவன் சொன்னான். கண்டத ஆத்துக்கு இங்கால கொண்டு போனா, மறுகா நான் திரும்பி வரமாட்டன் எண்டும் சொன்னான். மலேரியா பாக்க இரத்தம் எடுக்கவேணும், எடுத்தாப் படிவம் நிரப்பவேணும் எண்டன். அதுக்கு ஓமெண்டான். ஒரு பொடியன் கைய நீட்டினான். முகமெல்லாம் வத்திப்போய், எனக்கு ஆரெண்டு விளங்கல்ல. என்னப் பாக்காம, 'நூத்திப் பதினாலு' எண்டான். வேற ஒண்டும் சொல்லல்ல."

புஸ்பம் அட்டையை எடுத்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

"உங்கட வீட்டு வாசலுக்கு வந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லகா," என்றாள் அன்னப்பூரணி. "இலக்கத்தப் போட்டாக் கந்தோரில இருந்து அட்டை தானா உங்களுக்கு வரும் எண்டு தெரியும். அதான் செஞ்சன்."

"சாப்பிட்டானா?" என்று கேட்டாள் புஸ்பம். "அவன்... சாப்பிட்டானா?"

"சாப்பிட்டிருக்கான். சோறு, பருப்பு, மரை வத்தல்," என்றார் நல்லரத்தினம்.

"கொடியேறினா முட்டையும் தொடமாட்டான் என்ட புள்ள." இப்போதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது. "மச்சம் திண்டிருக்கானா. திண்டிருக்கட்டும். முருகன் கேக்கமாட்டான்."

"அம்மா, ஆகஸ்ட் இருபத்தாறு வரைக்கும் உசிரோட இருந்தான். அதுக்குப் பிறகு எனக்குத் தெரியாது. தெரியுமெண்டு சொன்னாப் பொய். ஆனா அந்தியேட்டி செய்யாதீங்க."

"செய்யமாட்டன்," என்றாள் அவள்.

றஸீனாவுக்கு நெஞ்சு நிறைந்து வந்தது. ஒரு பிள்ளை தன் இலக்கத்தை நினைவில் வைத்திருந்தான். அந்த இலக்கத்துக்கு அட்டை அனுப்பியவள் தான். இதை வீட்டில் தன் உம்மாவிடமாவது சொல்ல முடியாதே என்றுகூட அவள் கவலைப்பட்டாள். அந்த நேரம் பார்த்து அன்னப்பூரணி அவள் பக்கம் திரும்பினாள்.

"மத்தப் பத்துப் பேருக்கும் இலக்கம் இல்ல. ஆனா இவன் சொன்னத அவங்க கண்டுகொண்டாங்க. படிவத்தில தாய்ட பேர் எண்டு ஒரு கட்டம் இருக்கு. அதக் கேட்டன். காவல்காரன் கொஞ்சம் யோசிச்சான். தாய்ட பேரக் கேக்கவிடப்படா எண்டு அவனுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல்ல போல. பத்துப் பேரும் சொன்னாங்க. இலக்கத்துக்கு என்ன செய்யிற எண்டு நீங்க கூப்பிட்டுக் கேப்பீங்க, அப்ப மெதுவாச் சொல்லலாம் எண்டிருந்தன். நீங்க கூப்பிடல்ல. சரி, எப்பிடியோ தேடிப் புடிச்சி அட்டை அனுப்பிட்டீங்களாக்கும் எண்டு மனசத் தேத்திக்கொண்டன். போச்சுதா, தங்கச்சி?"

மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. றஸீனாவுக்கு அந்த அறையில் காற்றே இல்லை. பீப்பாய் கண்ணுக்குள் வந்தது. செப்டம்பர் முதலாம் திகதி, வெள்ளிக்கிழமை. படிவக் கட்டைப் பிரிக்கக்கூட இல்லை, நூலோடு போட்டாள். ஈரம் பிடித்த கடுதாசி பற்றத் தாமதித்ததால் ஒரு தடியால் கிண்டியும் விட்டாள்.

"எரிச்சிட்டன்," என்றாள்.

யாராவது திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"அவ எரிக்கல்ல," என்றார் நல்லரத்தினம் கடைசியில். அவருடைய குரல் அன்றுதான் முதன்முதலாகப் பிசகியது. "பதினேழாம் பிரிவ எழுதினவன் நான்." பிறகு அன்னப்பூரணியிடம், "உங்களுக்கு ஒரு பேராவது நினைவிருக்கா, மிஸி?"

"இல்ல, ஐயா. பயத்தில எழுதின. ஒண்டும் மனசில நிக்கல்ல. சோதனைச் சாவடி தாண்டிற எண்டதால வேற இடத்தில குறிச்சும் வைக்கல்ல."

றஸீனா கண்ணை இறுக மூடினாள். கட்டு, நூல், மேலே இருந்த படிவம், இலக்கத்துக்கான வெறும் கட்டம். அந்த வெறும் கட்டத்தைத்தான் அவள் அன்று பார்த்தாள். அதற்குக் கீழே நீல மையில், சரிந்த எழுத்தில் ஏதோ இருந்தது. பார்த்தது மனசுக்குள் எங்கோ கிடந்தது. அவள் பேனையை எடுத்து ஒரு கடுதாசியில் அதை எழுதினாள். சின்னத்தங்கம்.

"இது ஒண்டுதான் வருகுது," என்றாள். "மத்த ஒம்பதும் வரல்ல."

புஸ்பம் எழுந்து வந்து அதை எழுத்துக் கூட்டி வாசித்தாள். தன் பிள்ளையின் அட்டையை இன்னும் நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"எங்கட ஊரில மட்டும் நாலு சின்னத்தங்கம் இருக்காங்க," என்றாள் மெதுவாக. "அதில ரெண்டு பேர்ர பொடியன்மார் இல்ல. ரெண்டு வீட்டிலயும் போன மாசம் அந்தியேட்டி முடிஞ்சிது. நான் எந்த வீட்டுக்குப் போக, பிள்ள?"