நாற்பதில் நின்ற முள்

துறுதுறுவுக்கு அன்று சாயங்காலம் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நிமிடம் நாற்காலி, மறு நிமிடம் ஜன்னல், அடுத்து வாசல். வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே இதனால்தான். ஆனால் இன்று அவள் அலைந்தது குறும்பினால் அல்ல, கவலையினால்.

அவளுடைய அம்மா பள்ளி வேன் ஓட்டுகிறார். பள்ளிக்கூடத் தெருவில் நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. வண்டியின் வேகத்தைக் காட்டும் பலகை ஒன்று அங்கே இருக்கிறது. இந்த வாரம் அது அம்மாவின் வேனுக்கு இரண்டு முறை நாற்பத்து நாலு காட்டிவிட்டது. "இன்னொரு தடவை ஆச்சுன்னா வேற டிரைவரைத்தான் பாக்கணும்" என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார்.

"மீட்டர் முள் நாப்பதைத் தாண்டவே இல்லம்மா. நான் பக்கத்துல உக்காந்து பாத்தேனே" என்றாள் துறுதுறு.

"நீ பாத்தே. அவங்க பலகையை இல்ல பாக்கறாங்க?" என்றார் அம்மா.

அப்போது அம்மாவின் தம்பி, மெக்கானிக் மாமா வந்தார். வேகத்தடையில் வேனின் அடிப்பக்கம் இடிக்கிறது என்று போன வாரம் அக்கா புலம்பியதும், பாசம் பொங்கிப் பெரிய டயர்களாக மாட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

"வண்டி இப்ப கம்பீரமா நிக்குதில்லக்கா?"

"நிக்குது. மேடு ஏறத்தான் அழுவுது. மூணாவது கியர்ல ஏறின இடத்துக்கு இப்ப ரெண்டாவது கேக்குது."

துறுதுறு சட்டென்று நின்றாள். டயர் மாறியது போன வாரம். பலகை வம்பு பண்ணியது இந்த வாரம். சாக்கட்டியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

வேனில் இருந்த ஸ்டெப்னி, அதாவது மாற்று டயர் மட்டும் பழைய அளவு. அதை மாமாவிடம் இறக்கச் சொல்லி, கோடு போட்டு, வேன் டயருக்குப் பக்கத்திலிருந்து தரையில் ஒரே ஒரு சுற்று உருட்டி, நின்ற இடத்தைக் குறித்தாள். பிறகு வேன் டயரிலும் கோடு போட்டாள்.

"இப்ப வேனைத் தள்ளுங்க மாமா."

மாமா முக்கி முனகித் தள்ளினார். அதே ஒரு சுற்றுக்கு வேன் ஒரு சாண் கூடுதலாகப் போய் நின்றது.

"டயர் எத்தனை சுத்து சுத்துதுன்னுதானே மீட்டர் கணக்குப் பண்ணுது? டயர் பெருசானது அதுக்குத் தெரியுமா மாமா?"

மாமா தலையைச் சொறிந்தார். "தெரியாது. எனக்கே இப்பத்தான் உறைக்குது. மேட்டுல திணறுறதும் இதனாலதான். நாளைக்கு சாயங்காலம் பழசையே மாட்டிடறேன்க்கா."

"காலையில என்னடா பண்றது?"

"முள்ளை முப்பத்தஞ்சுலயே வச்சுக்கம்மா" என்றாள் துறுதுறு.

மறுநாள் காலை பலகை நெருங்க நெருங்க அவள் முள்ளையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். முள் முப்பத்தைந்தில் நின்றது. பலகை முப்பத்தொன்பது என்றது.

பள்ளி வாசலில் தலைமை ஆசிரியை நின்றிருந்தார். "இன்னைக்கு ஒழுங்கா வந்தீங்க."

"நேத்தும் ஒழுங்காத்தான் வந்தேன் டீச்சர். என்ன ஆச்சுன்னு இவ சொல்லுவா" என்று மகளை முன்னே நிறுத்தினார் அம்மா.

மாமாவின் முக்கல் முனகல் உட்பட எல்லாவற்றையும் சொன்னாள் துறுதுறு. கேட்டு முடித்த தலைமை ஆசிரியை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கும் நீங்கதான் வரணும்."