கொஞ்சம் தள்ளி உக்காரும்

"எனக்கு முட்டு வலிக்கு. கொஞ்சம் தள்ளி உக்காரும். நானும் உக்காரணும்."

தூத்துக்குடி காவலர் பயிற்சிக்கூடத்தில் அன்று காலை முழுக்க இதே பாட்டுத்தான். மீசை சரியாக முளைக்காத பயல்கள் ஒவ்வொருவராக வந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு, மேடை விளிம்பில் உட்கார்ந்திருந்த பொம்மை மனிதனிடம் ஒப்பித்தார்கள். விடிந்ததும் மைதானத்தை மூச்சுவிடாமல் சுற்றி வந்த கால்கள் அவை! ஆய்வாளர் ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு மதிப்பெண் போட்டாள்.

"ஏலே இசக்கிராஜ், நீ சொல்லுதது வலிக்கவன் மாதிரி இல்ல. பஸ்ல சீட்டு கேக்கவன் மாதிரி இருக்கு."

"சொல்துணை காட்டுன தொனியிலதான் சொன்னேன் மேடம். வகுப்புலயே எனக்குத்தான் மார்க் கூட."

சொல்துணை என்பது காதுக்குள் வைக்கும் கடுகளவுக் கருவி. மனம் உடைந்து நிற்பவரிடம் போலீஸ்காரர்கள் வாய்க்கு வந்ததை உளறி, உயிர்கள் போய், வழக்குகள் மலிந்த பிறகு வந்த சட்டம் அது. முன்பு எங்காவது ஓர் உயிரைக் காப்பாற்றிய வாக்கியத்தை மட்டுமே பேசலாம். கருவி காதில் ஓதும். காவலர் திருப்பிச் சொல்ல வேண்டும். நல்ல எண்ணம்தான், யார் இல்லையென்றது? ஆரம்பத்தில் சாவுகள் குறையவும் செய்தன. ஆனால் நாளாக ஆக ஊருக்கே அந்த வாக்கியங்கள் மனப்பாடமாகிவிட்டன. "உங்க வேதனை எனக்குப் புரியுது" என்று காவலர் தொடங்கினால், "நீங்க தனியா இல்ல, அதான அடுத்தது?" என்று குதிக்கத் துணிந்து மேலே நிற்பவரே முடித்து வைத்தார்.

முழங்கால் வாக்கியம் ஜெசிந்தாவுடையது. போன தை மாதம், கடல்நீரைக் குடிநீராக்கும் கோபுரத்தின் உச்சி விளிம்பில் அந்தோணிராசு உட்கார்ந்திருந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். கப்பல்கள் தாங்களே சரக்கிறக்கக் கற்றுக்கொண்ட பிறகு அவனை எதற்கும் யாரும் கூப்பிடவில்லை. சொல்துணை ஓதியதையெல்லாம் சொல்லிப் பார்த்துத் தோற்றாள் ஜெசிந்தா. லிப்ட் பழுதாகிப் படியேறி வந்த எரிச்சல் வேறு. கருவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கத்தினாள்: "வே, எனக்கு முட்டு வலிக்கு. கொஞ்சம் தள்ளி உக்காரும். நானும் உக்காரணும்." அவன் திடுக்கிட்டு, உள்பக்கமாக நகர்ந்து இடம்விட்டான். அவ்வளவுதான் நடந்தது.

சட்டத்தை மீறியதற்குத் தண்டனை வரும் என்று காத்திருந்தவளுக்குப் பாராட்டு வந்தது. மேலே பறந்த கண்பறவை என்னும் படக்கருவி பதிவு செய்திருந்த வாக்கியம் சொல்துணையில் ஏறி மாநிலமெங்கும் போனது. "அத எடுத்துருங்க சார், அது என் முட்டு சார்" என்று கண்காணிப்பாளரிடம் எத்தனை முறை மன்றாடியிருப்பாள்! "வெற்றி விகிதத்தப் பாருங்கம்மா" என்பார் அவர். செவிடன் காதில் ஊதிய சங்கு.

மதியச் சாப்பாட்டின்போது அபாய மணி அடித்தது. அதே கோபுரம். சுவர்த்திரையில் முகம் தெரிந்ததும் ஜெசிந்தா சோற்றுக் கையோடு எழுந்தாள். அந்தோணிராசுவேதான்.

"சார், நான் போறேன். எனக்குத் தெரிஞ்ச ஆளு."

"மார்க் கூட எடுத்தவங்கதான்மா ஏறணும். விதி. இசக்கிராஜ் போகட்டும். நீங்க கீழ நில்லுங்க" என்றார் கண்காணிப்பாளர்.

போகும் வழியெல்லாம் வண்டியில் இசக்கிராஜிடம் கெஞ்சினாள். "என்னத்த வேணா சொல்லு. முட்டு வலிய மட்டும் அவன்கிட்ட சொல்லிராதலே."

"காதுல வாறதத்தான் சொல்லணும் மேடம். மாத்துனா வேல போயிரும்." அவன் குரலில் பயம் இருந்தது. அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

இசக்கிராஜ் லிப்டில் ஏறினான். விதிப்படி அது மேலேயே நின்றுவிட்டது. கீழே ஒலிபெருக்கியில் அவன் குரல் கேட்டது: "எனக்கு முட்டு வலிக்கு. கொஞ்சம் தள்ளி..."

பிறகு அந்தோணிராசு பேசினான்.

"அந்தம்மாவும் இதத்தாம்ல சொன்னாவ. நம்மகிட்டயும் ஒரு ஆளு ஒண்ணு கேட்டாவளேன்னு, அத நெனச்சுத்தான் இத்தன மாசம் ஓட்டுனேன். அதுவும் மெஷின் சொல்லிக் குடுத்ததா?"

அவன் எழுந்து நின்றான்.

ஜெசிந்தா படிகளுக்கு ஓடினாள். கோபுரத்தை வெளிப்புறமாகச் சுற்றி ஏறும் இரும்புப் படிகள். கத்திச் சொல்ல ஆயிரம் இருந்தது. ஆனால் எதைச் சொன்னாலும் மெஷின் பேச்சாகத்தானே அவன் காதில் விழும்? வாயை மூடிக்கொண்டு ஏறினாள். பாதிக்குமேல் வலது கால் மடங்க மறுத்தது. கம்பியைப் பிடித்துக் காலை இழுத்தாள். ஒரு படியில் தடுக்கி உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது. பாழாய்ப்போன கால்! மறுபடி எழுந்தாள். அந்தோணிராசு மேலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம், போதும். ஏறாதீய. அங்கனயே இரிங்க, நான் இறங்கி வாறேன்."

வந்தான். அவளுக்குக் காலை நீட்ட இடம்விட்டு, தள்ளி உட்கார்ந்தான்.

"நெசமாவே வலிக்கா?"

"உயிர் போவுது வே."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவளும் அழுதாள்.

மறுநாள் காலை ஜெசிந்தா நொண்டிக்கொண்டே பயிற்சிக்கூடத்துக்கு வந்தாள். வாசலிலேயே கால் நின்றுவிட்டது. பயல்கள் வரிசையாக மாடிப்படியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து ஏறிக்கொண்டிருந்தார்கள். பாதியில் ஒருவன் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தான். கண்பறவை எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது. சுவர்த்திரையில் புதிய பாடத்தின் பெயர் மின்னியது: சொல்லில்லா அணுகுமுறை.

அந்தோணிராசு மறுபடி ஏறினால், இனி எதைக் கொண்டு அவனிடம் போவது? முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. வாசல் பெஞ்சில் இருந்த பயலிடம் இடம் கேட்க வாயெடுத்தாள். நாக்கில் வந்தது அதே வாக்கியம்; விழுங்கிவிட்டு, நின்றபடியே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

படியில் பாதி ஏறியிருந்த இசக்கிராஜ் பவ்யமாகக் கையைத் தூக்கினான்.

"மேடம், ஒரு சந்தேகம். எந்தக் கால இழுக்கணும்?"