ஆடாத கை

வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தோசைக்கல்லின் விளிம்பில் இருப்பது, சந்தனா கத்திய பிறகுதான் நேமிகுமாருக்குத் தெரிந்தது.

"ஏங்க, கை! கைய எடுங்க!"

எடுத்தான். விரல் நுனிகளில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. தீய்ந்த வாசனை வந்தது. வலி வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. சந்தனா அவனை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தினாள். தண்ணீர் விழுவது கண்ணுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை.

"நேத்து விரல் மட்டும்தானே மரத்துப்போச்சின்னீங்க?"

"இப்ப மணிக்கட்டு வரைக்கும் வந்துடுச்சி," என்றான் நேமிகுமார். யாரோ ஒரு தூரத்து உறவுக்காரருக்கு வந்த நோயைச் சொல்வது போலச் சொன்னான்.

சந்தனா அவன் முகத்தையே பார்த்தாள். மனைவியின் அந்தப் பார்வையில் பயம் இருப்பது அவனுக்குப் புரிந்தது. புரிந்ததே தவிர, உள்ளே எதுவும் அசையவில்லை. நண்பன் தமிழ்வாணன் காணாமல் போன நாளிலிருந்து எல்லாமே அப்படித்தான் இருந்தது, கனத்த கம்பளி ஒன்றுக்கு அந்தப் பக்கம் நடப்பது போல.

பின் தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சேவூரில் எந்த வீட்டிலும் பேச்சுக்கு அடியில் அந்தச் சத்தம் இருக்கும். சத்தத்தில் ஒரு தறி குறைந்தாலும் நேமிகுமார் கண்டுபிடித்துவிடுவான். இன்றும் குறைந்துதான் இருந்தது. தமிழ்வாணனின் கொட்டகை பூட்டிக்கிடந்தது.

ஆரணிக் கடைகளுக்குப் பட்டுப்புடவைகளைப் படமெடுத்துக் கொடுப்பது நேமிகுமாரின் பிழைப்பு. மனசு கிடந்தது வேறு இடத்தில். காடு, கோட்டை, பாறை என்று எங்கே வெளிச்சம் நன்றாக விழும் என்று கேள்விப்பட்டாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். செஞ்சிக் கோட்டையை எத்தனை தடவை எடுத்திருப்பான் என்று அவனுக்கே தெரியாது. தமிழ்வாணன் பள்ளிக்கூட நாளிலிருந்தே நண்பன். தறியைப் பெண்டாட்டி கலைமகளிடம் விட்டுவிட்டு ட்ரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். "நீ படம் எடு, நான் காத்து வாங்கிகினு வரேன்" என்பான்.

அன்றைக்கும் அப்படித்தான் போனார்கள். கண்ணமங்கலத்துக்கு மேற்கே, காப்புக்காட்டின் ஓரத்தில், ஜாகீர்தார் காலத்து மாளிகை ஒன்று கூரை விழுந்து நிற்கிறது. அதன் பின்னால் ஏறினால் இரண்டு பாறைகள், ஒன்றோடொன்று முகம் வைத்தது போல நிற்கும். நடுவில் ஓர் இடுக்கு. ஆள் ஒருக்களித்து நின்றால் தோள் நுழையலாம். அதற்கு மேல் வழி கிடையாது. உள்ளே முழங்கை நீளத்தில் இடுக்கு முடிந்துவிடும்.

மேகம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. மேகத்தின் ஓட்டம் படத்தில் கோடுகோடாக விழவேண்டும் என்று லென்ஸ் முன்னால் கறுப்புக் கண்ணாடியைப் பொருத்தி, அரை நிமிடம் ஷட்டர் திறந்திருக்கும்படி வைத்தான் நேமிகுமார். பாறையின் உயரம் தெரிவதற்காகத் தமிழ்வாணன் இடுக்கின் முன்னால் போய் நின்றான்.

"ஆடாம நில்றா. ஆடினா படத்துல கரைஞ்சி போயிடுவ."

"நிக்கறேன், நிக்கறேன். ஜல்தி எடு."

ஷட்டரை அழுத்திவிட்டு, கேமராப் பைக்குள் துணி தேடக் குனிந்தான். நிமிர்ந்தபோது இடுக்கின் முன்னால் யாரும் இல்லை.

கூப்பிட்டுப் பார்த்தான். மாளிகையைச் சுற்றி ஓடினான். திரும்பி வந்து, என்னவோ தோன்றி, இடுக்குக்குள் வலது கையை விட்டுத் துழாவினான். பாறைதான் தட்டுப்பட்டது. விரலில் குளிர் ஏறியது.

தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள், வனத்துறை வந்தது, போலீஸ் கேமராவை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. சிறுத்தை என்றார்கள் சிலர். எவளோடோ ஓடிவிட்டான் என்றார்கள் சிலர். வேலூர் டாக்டர் நேமிகுமாரின் விரலை ஊசியால் குத்திப் பார்த்து, அதிர்ச்சியில் நரம்பு அப்படித்தான் இருக்கும், தானாகச் சரியாகும் என்றார். நேமிகுமார் ஒரு சொட்டு அழவில்லை. அழுகை எங்கே இருக்கும் என்று தனக்குள் தேடினான். கையை விட்டுத் துழாவியது போலத்தான். பாறைதான் தட்டுப்பட்டது.

விரலுக்குச் சந்தனா மருந்து தடவிக்கொண்டிருந்தபோது கலைமகள் வந்தாள். தலை வாரியிருக்கவில்லை. செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தாள்.

"அண்ணா, அந்தப் படத்த எனக்குக் காட்டுங்க."

"எதுக்கும்மா? அதுல ஒண்ணும் தெரியலன்னு போலீசே..."

"அவங்க கேமராவுலயே சின்னதா பாத்தாங்க. நீங்க பெரிசா காட்டுங்க. எங்க வூட்டுக்காரர கடைசியா பாத்தது அந்த மெஷின்தானே?"

சந்தனா வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். நேமிகுமார் எழுந்துபோய்க் கம்ப்யூட்டரைப் போட்டான். அவனும் அந்தப் படத்தை இதுவரை திறக்கவில்லை.

திரை நிறையப் பாறைகள் வந்தன. மேலே மேகம் பால் கொட்டியது போல இழுபட்டிருந்தது. இடுக்கின் முன்னால் தமிழ்வாணன் இருந்த இடத்தில் ஒரு புகை. சட்டையின் நீலம் இடமும் வலமுமாகப் பூசியிருந்தது, தலை இருக்கவேண்டிய இடத்தில் பத்துத் தலைகளின் சாயல். நின்றவன் நிற்கவில்லை. துள்ளியிருக்கிறான். அந்த அரை நிமிடமும் துள்ளிக்கொண்டே இருந்திருக்கிறான். துணி தேடிக் குனிந்திருந்த நேமிகுமாரின் காதில் ஒரு சத்தமும் விழவில்லை.

"இது இன்னாண்ணா?" கலைமகள் திரையைத் தொட்டாள்.

பெரிதாக்கினான். புகையிலிருந்து பின்பக்கமாக, இடுக்கை நோக்கி, ஒரு கை நீண்டிருந்தது. தமிழ்வாணனின் இடது கை. அது மட்டும் கரையவில்லை. கையிலிருந்த மயிர் தெரிந்தது, முழங்கை மடிப்பு தெரிந்தது, கட்டியிருந்த சிவப்புக் கயிற்றின் முடிச்சு தெரிந்தது. மணிக்கட்டோடு இருட்டுக்குள் போயிருந்தது.

"ஒடம்பெல்லாம் ஆடிகினு இருக்குது," என்றாள் கலைமகள் மெதுவாக. "கை மட்டும் ஆடவே இல்ல. யாரோ புடிச்சிகினு இருக்காங்கண்ணா."

பின் தெருவில் தறி அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன அங்க இட்டுகினு போங்க. நீங்க வரலன்னா நான் பஸ் ஏறிப் போயிடுவேன்."

அவள் போய்விடுவாள் என்று மூவருக்கும் தெரிந்தது. நேமிகுமாரால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது. சந்தனா சாவியை எடுத்தாள். "பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடணும்," என்று மட்டும் சொன்னாள்.

வெயில் நன்றாக இருந்தது. கண்ணமங்கலம் கடைத்தெருவில் வேலூர் பஸ்ஸுக்கு ஆட்கள் நின்றார்கள், ஒருவர் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தார். அதையெல்லாம் பார்க்கும்போது நேமிகுமாருக்கு, இறங்கி அந்தக் கூட்டத்தோடு நின்றுவிடலாம் என்று ஓர் எண்ணம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. மரத்த கை மடியில் கிடந்தது, கடையில் வாங்கி வைத்த பொருள் மாதிரி. காடு நெருங்க நெருங்க மரப்பு முழங்கையைத் தாண்டுவதை உணர்ந்தான். உணர்வு நின்றுபோகிற எல்லையை மட்டும்தான் உணர முடிந்தது, குளத்தில் தண்ணீர் ஏறும் கோடு போல.

மாளிகைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார்கள். சந்தனாவைக் கீழேயே இருக்கச் சொன்னான். "சிக்னல் இங்கதான் கிடைக்குது. ஒண்ணுன்னா போன் பண்ணு." காரணம் அது இல்லை. காரணம் அவனுக்கே தெரியவில்லை.

ஏறும்போது காட்டின் சத்தங்கள் கூடவே வந்தன. குயில், சில்வண்டு, காய்ந்த இலை நொறுங்குவது, எங்கோ ஆட்டுமணி. பாறைகள் கண்ணில் பட்ட இடத்தில் சில்வண்டு நின்றது. இன்னும் நாலைந்து எட்டு வைத்ததும் குயிலும் இல்லை. மரங்களில் காற்று அடிப்பது தெரிந்தது, இலைகள் புரண்டன, ஆனால் காதுக்கு எதுவும் வரவில்லை. அதன் பிறகு வாசனை வந்தது. காட்டில் வரக்கூடாத வாசனை. தேங்காய் எண்ணெய், வியர்வை, வாடிய பூ, மூச்சு. ஆள் நெருக்கிக்கொண்டு நிற்கிற பஸ்ஸின் கதவு திறந்தால் வருமே, அந்த வாசனை.

இடுக்கிலிருந்து வந்தது.

"கலைமகளு, கிட்ட போவாதம்மா."

அவள் போய்விட்டிருந்தாள். இடுக்கின் விளிம்பில் கன்னத்தை வைத்து, வீட்டுக்குள்ளிருக்கும் ஆளைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், "இன்னாங்க" என்றாள்.

"தோ, வரேன்."

தமிழ்வாணனின் குரல்தான். சாதாரணமாக இருந்தது. சட்டை மாட்டிக்கொண்டிருப்பவன் சொல்வது போல.

நேமிகுமாருக்கு அப்போதுதான் பயம் வந்தது. இத்தனை நாள் வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. ஓடு என்றது உடம்பு. கால் கேட்டது, திரும்பக்கூடப் பார்த்தது. ஆனால் கலைமகள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டே, வலது கையைத் தோள்வரைக்கும் இடுக்குக்குள் விட்டாள்.

"கை கெடச்சிடுச்சிண்ணா! அவரு கைதான்! சூடா இருக்குது!"

"வுடு! வுட்டுட்டு வா!"

"புடிச்சிட்டேன், இழுங்கண்ணா, என்னப் புடிச்சி இழுங்க!"

பாய்ந்துபோய் அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தான். மரத்த வலது கைதான் முந்திக்கொண்டு பிடித்தது. பாறையில் காலை உதைத்து இழுத்தான். அவள் வரவில்லை. இடது கையால் போனை எடுத்து, அவள் தோளுக்கு மேலாக உள்ளே வெளிச்சம் அடித்தான்.

முழங்கை நீளத்தில் முடிந்த இடுக்கு முடியவில்லை.

தமிழ்வாணன் நின்றிருந்தான். ஒருக்களித்து, இரண்டு பாறைகளுக்கும் நடுவே, பலகை போல நசுங்கி நின்றிருந்தான். ஒரு கை கலைமகளின் கையில். இன்னொரு கை உள்ளே நீண்டிருந்தது. அந்தக் கையை ஒரு காக்கிச் சட்டைக்காரர் பிடித்திருந்தார். சட்டை மக்கிப் போயிருந்தது. அவருடைய மறு கையை ஒரு பெண் பிடித்திருந்தாள். அவள் கையை ஒரு கிழவர். கிழவர் கையை வேறொருத்தி. அதற்கும் அந்தப் பக்கம். அதற்கும் அந்தப் பக்கம். வெளிச்சம் போகிற மட்டும் ஆட்கள். தமிழ்வாணனைப் போலப் பிடிபட்டவர்களும், தமக்கு முன்னால் போனவரை இழுக்க வந்தவர்களும். எல்லோருக்கும் கண் திறந்திருந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஒரே மூச்சு.

யாரும் துள்ளவில்லை. யாருக்கும் வலிக்கவில்லை போலிருந்தது.

கலைமகளின் தோள் உள்ளே போனது. தலையைச் சாய்த்துக்கொண்டாள், தலையும் போனது. சத்தம் போடவில்லை. நேமிகுமார் கையை விட்டுவிடு என்று தனக்கே சொன்னான். விரல்கள் திறக்கவில்லை. போனை எறிந்துவிட்டு இடது கையால் வலது கை விரல்களைப் பிரித்தான். தீய்ந்த தோல் உரிந்து வந்தது. விரல்கள் வரவில்லை. அவனுடைய விரல்கள்தான். அவன் சொல்வதைக் கேட்கவில்லை.

மரப்பு தோளைத் தாண்டியது. கழுத்துக்கு வந்தது.

கீழேயிருந்து செருப்புச் சத்தம். கல் உருளும் சத்தம். சந்தனா ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க! இன்னாங்க ஆச்சி! கலைமகள் எங்க?"

வராதே. தொடாதே. வாயைத் திறந்தான். நாக்கு இருக்குமிடம் தெரியவில்லை. காற்று மட்டும் வந்தது.

"புடிச்சிக்கோங்க, நான் வரேன்! வுட்டுடாதீங்க!"

இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அவள் ஓடி வந்தாள். கீழே விழுந்த போனின் வெளிச்சம் இடுக்குக்குள் சாய்வாகப் போய்க்கொண்டிருந்தது. அதில், வரிசையாக நின்ற முகங்கள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், நேமிகுமாரைத் தாண்டி, ஓடி வருகிறவள் பக்கம் திரும்பின.