ஏழாம் கலத்தின் கதவு

நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் லோகுவையும் ஜோஷ்வாவையும் சிப்காட் முனையில் உதிர்த்துவிட்டுப் போனது. கும்மிடிப்பூண்டி முழுக்க நாஷ்டாவுக்கு உட்காருகிற நேரம்தான் இவர்களுக்கு ராத்திரி. பகலில் தூங்குகிறவனுக்கு இருட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது. அவனே செய்துகொள்ள வேண்டும். லைன் வீட்டில் அவர்களுடைய ஒற்றை அறையின் ஜன்னலுக்கு அட்டைப்பெட்டிகளைக் கிழித்து இண்டு இடுக்கில்லாமல் ஒட்டியிருந்தார்கள். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். முன்னால் இரும்புக் கதவு.

அந்தக் கதவுக்கு முன்னால் சோனியா உட்கார்ந்திருந்தாள். சாம்சனின் தங்கை. மீஞ்சூரிலிருந்து காலை ரயிலில் வந்திருந்தாள்.

"அண்ணன் பையை எடுத்துக்கினு போலாம்னு வந்தேண்ணா."

"நாஷ்டா துன்னியா?" என்றான் ஜோஷ்வா. அவனுக்குத் துக்கம் விசாரிக்கத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

சாம்சன் இவர்களுடைய அறைக்கூட்டாளி. போன மாதம் ஹைவேயில் ஒரு டிரெய்லர் அவன் வண்டியை இழுத்துக்கொண்டு போனது. சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த லோகு அழவில்லை. ஊர் அதைக் கெட்டி மனசு என்றது. கெட்டியும் இல்லை, மனசும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி ஒன்று உள்ளே கிடந்தது. தொட்டால் இருக்கிறது. ஆனால் தன்னுடையது இல்லை.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்றை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்த மறுநாளிலிருந்து, காலையில் அவன் படுத்ததும் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால் வெயில் மட்டும் நிற்கிறது. லோகு பவர் பிரஸ் ஓட்டுகிறவன். அந்த மிஷின் முன்னால் கண் சொக்கினால் விரலுக்கு உத்தரவாதம் கிடையாது. நேற்று ராத்திரி கையுறையின் நுனியை மட்டும் கடித்துவிட்டு விட்டது. அடுத்த தடவை அத்தனை நியாயமாக நடந்துகொள்ளாது.

சோனியா பையை மடியில் வைத்துக்கொண்டு ஜிப்பை இழுத்து மூடினாள். எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு கேட்டா திட்ட மாட்டீங்களே? அண்ணன் கதவாண்ட நின்னுகினு இருந்தாரே. தொறந்தீங்களா?"

ஜோஷ்வா லோகுவைப் பார்த்தான்.

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை டிவியில் 'ஏழாம் கலம்' என்றொரு விண்வெளித் தொடர் வந்தது. பாதியில் நிறுத்திவிட்டார்கள். மற்ற பிள்ளைகள் மறந்தார்கள். சாம்சன் மட்டும் வளர்ந்து வேலைக்கு வந்த பிறகும் மறக்காமல், விட்ட இடத்திலிருந்து கதையைத் தானே ஓட்ட ஒரு ஆட்டம் கட்டினான். லேத்தில் கடைந்த பித்தளைப் பகடை, ஆளுக்கொரு வேஷம், மற்றதெல்லாம் வாய்தான். லோகு கேப்டன். ஜோஷ்வா மெக்கானிக். சாம்சன், கலத்துக்கு வெளியே போய் ரிப்பேர் பார்க்கிறவன். உட்காரும்போதே ஒவ்வொருவரும் பைக்குள் கைவிட்டு ஒரு கேரம் காயை எடுத்து மறைத்து வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளை என்றால் மனுஷன். கறுப்பு என்றால் நகல். மனுஷன் மாதிரியே பேசி உள்ளே வரப் பார்க்கும் ஏதோ ஒன்று. அவனவன் ஆளுக்கு அவனவன்தான் வாய், அடுத்தவன் பேசக்கூடாது என்பது சாம்சன் வைத்த சட்டம்.

கடைசி ஆட்டத்தில் சாம்சனுடைய ஆள் வெளியிலிருந்து கதவைத் தட்டினான். "தொறடா மச்சி, காத்து தீந்துகினே போவுது." லோகு பொன்னேரி சந்தையில் தராசுத் தட்டுக்கடியில் வளர்ந்த பிள்ளை. "சரக்கைப் பாக்காம கடை தொறக்க மாட்டோம். அடுத்த வாரம் வா" என்றான். சாம்சன் சிரித்துக்கொண்டே தன் காயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான். அந்தச் சட்டை திரும்பி வரவில்லை.

"ஒவ்வொரு வாரமும் போன்ல எனக்குக் கதை சொல்லுவாரு. அன்னிக்கும் வண்டி எடுக்கசொல்ல சொன்னாரு" என்றாள் சோனியா. "டிவில பாதில நிறுத்தினானுங்களே, அந்த மாதிரி நீங்களும் நிறுத்தாதீங்கண்ணா."

"வாணாம்மா" என்றான் ஜோஷ்வா. "பேஜாரு புடிச்ச வேல."

லோகு பகடையை எடுத்தான். முடித்துவிட்டால் தட்டுவது நிற்கும் என்று பட்டது. மரணம் பேரத்துக்குப் படியாத கடை என்று தெரிந்தும், வாசலில் ஒருதரம் நின்று விலை கேட்காமல் போக மனசு வரவில்லை.

ஜோஷ்வா கதவைத் தாழிட்டு லைட்டை அணைத்தான். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். சாம்சன் உட்காருகிற இடத்தை விட்டுவிட்டார்கள். ஃபேன் மட்டும் சுற்றியது. கதவுக்கடியில் வெயில் ஒரு கோடாகக் கிடந்தது. எங்கிருந்தோ சுட்ட இரும்பின் வாசனை வந்தது. கும்மிடிப்பூண்டியில் அது காற்றோடு கலந்த வாசனை, யாரும் கவனிப்பதில்லை.

"அவர் ஆளுக்கு நான் பேச மாட்டேன்" என்று சோனியா கிசுகிசுத்தாள். "சட்டம் எனக்கும் தெரியும். நீங்க கேளுங்க."

லோகு தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"வெளிய யாரு?"

தூரத்தில் லாரி ஹாரன்.

பிறகு கதவில் தட்டு விழுந்தது.

மெதுவாகத்தான். மடக்கிய விரலால்.

"பசங்க யாராவது..." என்று ஆரம்பித்த ஜோஷ்வா குனிந்து கதவுக்கடியில் பார்த்தான். வெயில் கோடு அறுபடாமல் கிடந்தது. அதில் கால்களின் நிழல் இல்லை.

"உனக்கும் கேக்குதாடா?"

"டெய்லி கேக்குது" என்றான் ஜோஷ்வா. "எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்."

கதவுப் பக்கமிருந்து குளிர் வந்தது. சித்திரை வெயில் ஷீட்டைப் பொசுக்கிக்கொண்டிருந்தபோது, தரையோடு தவழ்ந்து வந்தது. லோகுவின் கையிலிருந்த பகடை ஐஸ் மாதிரி ஆனது. விரல் மரத்தது. அவனுக்கு அது புதிதாக இல்லை. உள்ளே ஒரு மாதமாக இருந்தது இப்போது வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"சாம்சா. நீ ஆளுதானாடா?"



இந்தத் தடவை தட்டவில்லை.

யாரோ கதவில் நெற்றியைச் சாய்த்த மாதிரி இரும்பு லேசாக முனகியது.

"தொறக்காதடா" என்றான் ஜோஷ்வா. "அவன் இன்னா காய் எடுத்தான்னு தெரியாது."

"தொறங்கண்ணா." சோனியாவின் பல் குளிரில் அடித்துக்கொண்டது. "எதுவா இருந்தா இன்னா? எங்க அண்ணன் மாதிரி இருந்தா போதும்."

லோகு எழுந்திருக்கவில்லை. அந்த ஆட்டத்தில் சொன்னால் செய்த மாதிரி.

"கேப்டன் கதவைத் தொறக்குறேன்."

தாழ்ப்பாள் அசையவில்லை. கதவும் அப்படியே இருந்தது. குளிர் மட்டும் கையால் வழித்தெடுத்த மாதிரி போனது. புழுக்கம் திரும்பி வந்தது. ஜோஷ்வா லைட்டைப் போட்டான். மூன்று பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தார்கள்.

"அவ்ளோதானா?" என்றாள் சோனியா.

"அவ்ளோதாம்மா" என்றான் ஜோஷ்வா. "உங்க அண்ணன் உயிரோட இருக்கசொல்லவே பில்டப்புதான் பெருசா இருக்கும்."

அவள் சிரித்தாள். சிரிப்பிலேயே அழுதாள். லோகு பார்த்துக்கொண்டு இருந்தான்.

கதவைப் பூட்டிக்கொண்டு இருவரும் ஸ்டேஷன்வரை அவளோடு போனார்கள். ரயில் நகர்ந்தபோது லோகுவுக்குக் கொட்டாவி வந்தது. ஒரு மாதத்தில் முதல் கொட்டாவி. திரும்பும் வழியெல்லாம் வாய் பிளந்துகொண்டே வந்தான்.

"மூஞ்சியப் பாரு, முதலை மாதிரி" என்றான் ஜோஷ்வா. "இன்னிக்கு நீ தூங்கிருவ."

பூட்டு விட்ட மாதிரியே தொங்கியது. ஜோஷ்வா அதைத் திறந்து கதவைத் தள்ளினான்.

கதவு நகரவில்லை.

தோளைக் கொடுத்துத் தள்ளினான்.

"தாப்பா போட்டிருக்குடா" என்றான் மெல்ல. "உள்ள."

அறைக்கு வேறு வழி கிடையாது. ஜன்னலில் கம்பி. லோகு உள்ளங்கையை இரும்பில் வைத்தான். வெயிலில் காய்ந்த இரும்பு கொதித்திருக்க வேண்டும். சூடோ குளிரோ அவனுக்கு எதுவும் தெரியவில்லை.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. வெறுங்காலடி கதவுவரை வந்து நின்றது. தாழ்ப்பாளில் ஒரு கை படுகிற சத்தம் கேட்டது.

இழுக்கவில்லை. எடுக்கவும் இல்லை.

வெளியே நிற்பது மனுஷனா நகலா, திறப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறவனின் கை, தாழ்ப்பாள்மேல் அப்படித்தான் நிற்கும்.