நூறு மீட்டருக்குள் ஒரு பிணம்

"ஐயோ...!"

பொக்லைன் ஓட்டுநர் குதித்த வேகத்தில் அவருடைய ஒரு செருப்பு வண்டிக்குள்ளேயே தங்கிவிட்டது.

அஸ்திவாரக் குழியில் இரண்டு கால் எலும்புகள். முட்டி வரைக்கும்தான். மீதி ஆள் இன்னும் மண்ணுக்குள்.

அரை மணி நேரத்தில் குழியைச் சுற்றி கூட்டம்.

நிலத்தின் சொந்தக்காரர் ஒரு பில்டர். விசிட்டிங் கார்டில் 'நகரச் சிற்பி' என்று தனக்குத்தானே பட்டம் போட்டுக்கொண்டவர். தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தால் அதுதான் அவர் சிற்பம். பக்கத்தில், அவரிடமே மேனேஜராக இருக்கும் மச்சினன். இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. குழிக்குள் மண்டியிட்டு, பிரஷ்ஷால் மண்ணைத் தடவிக்கொண்டிருந்தார் தொல்லியல் அதிகாரி.

"பானை ஓடு கிடக்கு. பழைய புதைகுழியா இருக்கலாம்."

"இருந்தா என்ன சார்?" என்றார் சிற்பி.

"பாதுகாக்கப்பட்ட இடமா அறிவிச்சிடுவோம். சுத்தி நூறு மீட்டருக்கு ஒரு செங்கல் வைக்கக் கூடாது. சட்டம்."

சிற்பி மனசுக்குள் கணக்குப் போட்டார். அவர் நிலமே மொத்தம் எண்பது மீட்டர்தான். குடியிருந்த வீட்டை விற்று வாங்கியது. பன்னிரண்டு மாடி... காகிதத்தில் எழும்பி, காகிதத்திலேயே இடிந்தது.

மச்சினன் அவரை ஓரங்கட்டினான்.

"அத்தான், பழசுன்னாதானே சட்டம்? கொலைன்னு சொல்லிடுங்க."

"யார் செஞ்ச கொலைடா?"

"நீங்கதான். காணாமப் போனாரே உங்க பார்ட்னர், அவரை. போலீஸ்கிட்ட சொன்னது கோர்ட்டுல செல்லாது, கேஸ் நிக்காது. எலும்பு போலீஸுக்கு, நிலம் நமக்கு."

"எதால அடிச்சேன்?"

"ஸ்பேனர். பின்மண்டையில, இடது பக்கம்."

"உன் அக்காவுக்கு இல்லாத மூளைடா உனக்கு."

சிற்பி திரும்பி வந்து தொண்டையைச் செருமினார். திறப்பு விழாவில் பேசுகிற குரல்.

"மேடம், அது பழசு இல்ல. என் பார்ட்னர். பன்னெண்டு வருஷம் முன்னாடி நான்தான் ஸ்பேனரால பின்மண்டையில போட்டேன். இடது பக்கம்."

இன்ஸ்பெக்டர் எழுதினார். சிற்பி ஆட்டோகிராஃப் போடுகிற தோரணையில் கையெழுத்துப் போட்டார்.

"மேடம்... இங்க பாருங்க." அதிகாரியின் பிரஷ் நின்றது.

தொடை எலும்பில் ஒரு ஸ்டீல் பிளேட். நாலு ஸ்குரூ.

"பழங்காலத்துல இந்த ஆபரேஷன் கிடையாது" என்றவர், மெல்ல மண்டை ஓட்டையும் வெளியே கொண்டுவந்தார்.

பின்பக்கம். இடது. உடைந்திருந்தது.

சிற்பி மச்சினனைக் கை காட்டினார்.

"மேடம்... நான் சும்மா சொன்னேன். எல்லாம் இவன் சொல்லிக்கொடுத்தது."

இன்ஸ்பெக்டர் மச்சினனிடம் திரும்பினார்.

"தலை இப்பத்தான் வெளிய வந்துச்சு தம்பி. இடது பக்கம்னு உங்களுக்கு யார் சொன்னது?"

மச்சினன் கேட்டைப் பார்த்தான். கேட்டில் இரண்டு கான்ஸ்டபிள்கள் அவனைப் பார்த்தார்கள்.

விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். பார்ட்னர் பிணம், மச்சினன் கைதி. சிற்பிக்கோ கவலை ஒன்றே ஒன்று.

"சார், அப்போ பழசு இல்ல. நான் கட்டலாம்தானே?"

அதிகாரி எலும்புகளுக்கு அடியில் கரண்டியால் தட்டினார்.

டக்... டக்...

"கீழ செங்கல் சுவர் போகுது சார். ஒவ்வொரு கல்லும் முழ நீளம். ரெண்டாயிரம் வருஷமாவது இருக்கும். நூறு மீட்டர்... மறந்துடுங்க."

சிற்பி குழியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி ஜீப் போன திசையைப் பார்த்து ஏக்கமாகச் சொன்னார்.

"சுவர் ஒரு இடத்துலகூட சிதையாம குழி தோண்டியிருக்கார் உங்க மச்சினன். ஜெயில்லேருந்து வந்ததும் அனுப்பி வைங்க சார்... எங்க துறையில இந்த வேலைக்கு ஆளே இல்ல."