எல்லைக்கல்லுக்கு வெள்ளையடித்தவன்

“யோவ்! இன்னாய்யா பண்ணி வெச்சிகீற?”

இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வந்த மகிழினி, ஆத்திரத்தில் ஒரே நொடியில் வியாசர்பாடிப் பெண்ணாகிவிட்டாள். பின்னே? எண்ணூர் உப்பு பங்களா, அரசின் பாரம்பரிய நிலம். அதை மதிப்பிட்டுச் சொல்லும் காண்டிராக்ட் அவள் கம்பெனிக்கு. அவள் தனியாகச் செய்யப்போகும் முதல் வேலை! பராமரிப்பு காண்டிராக்ட் எடுத்திருந்த டில்லிபாபுவோ, எல்லைக்கற்களில் வெட்டியிருந்த பழைய எழுத்தெல்லாம் அடைபட்டுப்போக, அப்பி அப்பி வெள்ளையடித்து வைத்திருந்தான்.

“ஆபீசர் வர்றாங்கன்னாங்க... அதான் மேடம், ஷோக்கா இருக்கட்டும்னு...”

“எழுத்து தெரியாம எல்லை எங்க கீதுன்னு நான் எப்டிப்பா கண்டுபுடிப்பேன்?”

அவன் தலையைச் சொறிந்தான். அப்புறம் சிரித்துவிட்டான். “மேடம் நம்ம ஏரியாவா?”

அந்தக் கண்கள்... பாலைக் குடித்துவிட்டு நிற்கும் பூனைக் கண்கள்! பாழாய்ப்போன கோபம், வேண்டும்போது வராது.

மறுநாளிலிருந்து இருவருமாகத் தேங்காய் நாரை வைத்துக் கல் கல்லாகத் தேய்த்தார்கள். பக்கத்து மீனவர் குப்பமான நெட்டுக்குப்பத்தில் பிறந்த டில்லிபாபுவுக்கு வாய் ஓயவில்லை. ஒரு மாலை, மழை பிடித்துக்கொண்டது. பங்களா வராந்தாவில் ஒரே பொட்டலச் சுண்டலுக்குள் இரண்டு கைகள்... விரல்கள் பட்டன. யாரும் எடுக்கவில்லை.

அவன் இமையில் ஒரு மழைத்துளி நின்றது. ‘ஐயோ, நான் காலி’ என்று நினைத்தாள் மகிழினி.

சட்டென்று கம்பெனி விதி நினைவுக்கு வந்தது. பராமரிப்பவரோடு மதிப்பிடுபவருக்கு எந்த ஒட்டுறவும் இருக்கக் கூடாது. இருந்தால் வேலை போய்விடும் வேறு கைக்கு.

“இனிமே எங்கிட்ட வேலையப் பத்தி மட்டும் பேசுங்க.”

“இன்னா... கடலுக்குப் போற வூட்டுப் பையன்னா எளக்காரமா?”

முகம் சுண்டிப்போய், கொட்டும் மழையில் இறங்கி நடந்தான். அதன்பின் வருவான், புல் வெட்டுவான், போவான். நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவளுக்கோ சோறு இறங்கவில்லை.

அறிக்கை கொடுக்கவேண்டிய நாள் நெருங்கியது. அவன் காதில் விழும் தூரத்தில் போய் நின்று, மேலாளருக்குப் போன் போட்டாள்.

“எபினேசர் சார், இந்த நிலத்த நான் மதிப்பிடக் கூடாது. வேற ஆளப் போடுங்க.”

“நீயா கேட்டு வாங்குன வேலையாச்சேம்மா! யாராச்சும் தொந்தரவு பண்றாங்களா?”

“ஆமா சார். பராமரிப்பு காண்டிராக்டர். எனக்கு அவரப் புடிச்சிருக்கு. விதிப்படி சொல்லணும்ல?”

புல் வெட்டும் சத்தம் நின்றது. போனுக்குள் எபினேசர் இருமினார்.

“சரி... ராயபுரத்துல ஒரு இடம் கீது, அத நீ பாரு. அங்க காண்டிராக்டருக்கு அறுபது வயசு.”

டில்லிபாபு கிட்டே வந்தான். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் பல்.

“எனுக்காவ மொத வேலையவே வுட்டியா?”

“பின்ன... உன்ன வுடச் சொல்றியா?”